ஏழாம் தாளுக்குப் பிறகு

தருவைமேட்டில் வளராமல் நின்றுபோன பிள்ளைகளின் எண்ணிக்கை அந்தப் பங்குனியில் ஒன்பதாயிற்று, அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படுவதை ஊர் அதற்கு வெகு முன்பே விட்டுவிட்டது. உப்பளத்துக்குப் போகிற பெண்கள் காலையில் அவர்களை இடுப்பில் தூக்கிப்போய்ப் பால்வாடியில் விட்டு, சாயங்காலம் அதே கனத்தோடு திரும்பத் தூக்கி வந்தார்கள், மினிபஸ் கண்டக்டர் வயசு கேட்பதில்லை, கோயில் கொடைக்கு வருகிற வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன வருஷம் பார்த்த பிள்ளையை இந்த வருஷமும் பார்த்து, "அப்படியே இருக்கானே!" என்று கன்னத்தைக் கிள்ளி, தாங்கள் சொன்னது எவ்வளவு நிஜம் என்று தெரியாமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் தன் பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுவிட்டாள், முடி திரும்ப முளைக்கவில்லை, அதற்கப்புறம் மற்றவர்கள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு மொட்டையைத் தள்ளிப்போட்டார்கள்.

பயந்து செத்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துக் கொடுத்த பிரம்மசக்தி. அவளுடைய மகள் பொன்செல்விக்கு ஆனி பிறந்தால் இரண்டு வயசு.

பிரம்மசக்தி ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கிறவள், மந்திரமாயம் ஒன்றும் அறியாதவள், ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் ஒரு கண்ணை மூடி முருகா என்பாள், அவ்வளவுதான் அவளுடைய பக்தி. உப்புக் கம்பெனியின் பழைய பங்களாவை இடித்தபோது உள்ளே கிடந்த சாமான்களைப் பழைய பேப்பர்க்காரன் அள்ளிக்கொண்டு வந்தான். அதில் ஒரு தகர டப்பா இருந்தது. அதற்குள் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான ஏழு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எந்தக் காலத்திலோ அங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் துரைசானி தன் பிள்ளைக்குத் தானே சட்டை தைத்துக்கொள்ள வரவழைத்தவை. ஒவ்வொரு தாளிலும் கழுத்து, கை, முன்பக்கம், பின்பக்கம் என்று வெட்டவேண்டிய கோடுகள், மூலையில் கொழுகொழுவென்று சிரிக்கிற ஒரு குழந்தையின் படம், பக்கத்தில் வயசு: பிறந்த பிள்ளைக்கு, மூன்று மாதத்துக்கு, ஆறு, ஒன்பது, ஒரு வயசு, ஒன்றரை, இரண்டு. ஏழாவது தாளோடு முடிந்தது. படத்திலிருந்த குழந்தை ஏழு தாளிலும் ஒரே மாதிரிச் சிரித்தது என்பதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என்ன செய்திருப்பாள், படத்துக்குப் பயப்படுகிறவளா அவள்.

முதல் சட்டையை அவள் சாகப்போகிற பிள்ளைக்குத்தான் தைத்தாள். அடுத்த தெரு சந்தனமாரிக்கு ஏழாம் மாதமே வலி கண்டு, முழங்கை நீளத்தில் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று மட்டும் சொன்னாள், அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அம்மணமாகப் போகவேண்டாம், ஒரு சட்டையாவது போட்டுக்கொண்டு போகட்டும் என்று பிரம்மசக்தி முதல் தாளை வைத்து, மிச்சமிருந்த வெள்ளைப் பாப்ளினில் வெட்டித் தைத்துக் கொண்டுபோய் மாட்டிவிட்டாள். சட்டைக்குள் பிள்ளை இருப்பதே தெரியவில்லை. குழி வெட்ட ஆள் சொல்லியாயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால் சட்டையின் கை பிள்ளையின் மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது, கழுத்து கழுத்தில் நின்றது, பிள்ளை வீறிட்டு அழுதது. அவன்தான் ராசு.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா? பிறந்த அன்றைக்கே பிள்ளைக்குப் பிரம்மசக்தி கையால் தைத்த சட்டையை மாட்டிவிட வேண்டும் என்பது தருவைமேட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மாவு மூட்டைத் துணியில் தைத்தாலும் சரி, மல் துணியில் தைத்தாலும் சரி, வெட்டு அந்தத் தாளின் வெட்டாக இருந்தால் போதும். தாளில் போட்ட மாதம் வந்ததும் அடுத்த சட்டையை மாட்டுவார்கள், பத்து நாளில் பிள்ளை அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. அந்தப் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கவில்லை, பல் முளைக்கும்போது வயிற்றால் போகவில்லை, படியிலிருந்து உருண்டால்கூட அழாமல் எழுந்து உட்கார்ந்தார்கள். வலி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பிரம்மசக்தியின் கைராசியைப் பக்கத்து ஊர்களிலும் பேசினார்கள், அவளும் மனுஷிதானே, கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தாள். தன் வயிற்றில் பொன்செல்வி வந்தபோது முதல் தாளை எடுத்து, ரோஸ் கலர்த் துணியில், மற்ற எல்லாப் பிள்ளைக்கும் தைத்ததைவிட நுணுக்கமாகத் தைத்துவைத்தாள்.

ராசுவுக்கு இரண்டு வயசு முடிந்து நாலு மாதம் கழித்து, பால்வாடி ரெஜினா டீச்சர் எடை பார்க்கும் அட்டையை எடுத்துக்கொண்டு பிரம்மசக்தி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தராசு ரிப்பேர்னு நெனச்சேன் சக்தி. புதுத் தராசு வாங்கிப் போட்டும் அதே எடைதான். உசரமும் அதேதான். நாலு மாசமா அவன் புதுசா ஒரு வார்த்தை பேசலை."

"சில பிள்ளைக மெதுவாத்தான் வளரும் டீச்சர்."

"மெதுவா வளர்றது வேற. இவன் நின்னுட்டான்."

பிரம்மசக்தி குனிந்து பார்த்தாள். மடியில் பொன்செல்வி ஆறு மாதச் சட்டைக்குள் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். குளிப்பாட்டுகிற நேரம் தாண்டி வேறு துணி உடம்பில் பட்டால் பிள்ளைக்கு அனல் பறந்தது, கண் சொருகியது, ஒரு மணி நேரத்துக்குமேல் எந்தத் தாயாலும் பொறுக்க முடியவில்லை. திரும்ப மாட்டிய மறு நிமிஷம் பிள்ளை குளிர்ந்து சிரித்தது. இரண்டு பேர் முயன்று பார்த்து நடுங்கிப்போய் விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் முயலவே இல்லை. பிறகு ஊர் தனக்குத் தெரிந்த வழியில் சமாதானமாயிற்று. "பெரியவனாகி என்னத்தக் கிழிக்கப் போறான், உப்புல நின்னு காலு வெந்து சாகத்தானே போறான்" என்று ஒருத்தி சொன்னாள், அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ரெஜினா டீச்சர் நின்றுபோன பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு, மாதாமாதம் அதே எடையை எழுதி, மேலதிகாரி வந்தால் அதை அரிசி டின்னுக்குள் வைத்தாள். பால்வாடியில் அவர்களுக்கு ஜன்னலோரம் ஒரு பாய். ஏழாம் சட்டை கிழிந்தால் அதே அளவில் இன்னொன்று. புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் சட்டை கேட்டு அப்போதும் ஆள் வந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் செத்துப்போகிற பிள்ளைக்கு நின்றுபோகிற பிள்ளை மேல் என்று கணக்குப் போட்டால் யாரால் இல்லையென்று சொல்ல முடியும்.

பிரம்மசக்தியும் ஒரு தடவை துணிந்து பார்த்தாள். எட்டாம் தாளைத் தானே வரைந்தாள். ஏழாம் தாளைத் தினசரிப் பேப்பரின்மேல் விரித்து, சுற்றிலும் ஒரு இஞ்ச் கூட்டிக் கோடு போட்டு, வெட்டித் தைத்து, சந்தனமாரி சம்மதத்தோடு ராசுவுக்கு மாட்டினாள். பிள்ளை வளர்ந்தான். சந்தனமாரி கும்பிட்டு அழுதாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இடது கை வலது கையைவிட நீளமாக இருந்தது. வெட்டும்போது பேப்பர் நகர்ந்து கத்தரி கால் இஞ்ச் விலகியிருந்தது. பெரியவர்கள் சட்டையில் அதை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், மடித்துத் தைத்தால் தீர்ந்தது. பிள்ளையின் கையை எங்கே மடித்துத் தைக்க? சந்தனமாரி அந்தச் சட்டையை உருவி எறிந்து பழையதை மாட்டினாள். உடம்பு பழைய அளவுக்குச் சுருங்கியது, இடது கை மட்டும் சுருங்கவில்லை.

"எம் பிள்ளைய வச்சு நீ பழகிட்ட" என்றாள் சந்தனமாரி. அன்றைக்குப் பிறகு அவள் பிரம்மசக்தியோடு பேசவில்லை.

கத்தரியைத் தொட்டாலே பிரம்மசக்திக்குக் கை உதற ஆரம்பித்தது அதிலிருந்துதான். கால் இஞ்ச் மட்டும் அல்ல பயம். மூன்று வயசில் பொன்செல்வியின் தோள் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், ஐந்து வயசில் கை எவ்வளவு நீளம், பத்து வயசில் இடுப்பு எவ்வளவு, இதையெல்லாம் ஒரு தாய் முன்கூட்டியே உட்கார்ந்து வரைய முடியுமா? வரைந்தால் அது மகளா, தைத்த பொம்மையா?

சித்திரையில் ஒருநாள் மத்தியானம், லாரி லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட வந்த புருஷன் நயினாரிடம் அவள் இதைச் சொன்னாள். நயினார் நல்ல மனுஷன், பிள்ளையென்றால் உயிர், சோற்றைப் பிசைந்தபடியே பொன்செல்விக்கு ஒரு வாய் ஊட்டினான்.

"இருந்துட்டுப் போட்டும் பிள்ள. நோய் நொடி இல்ல. நம்ம கண்ணு முன்னாலயே கெடப்பா. கட்டிக் குடுத்து, அங்க ஒருத்தன் அடிச்சான்னு அழுதுட்டு வரப் போறதில்ல."

"நாம செத்த பெறவு?"

நயினார் ஊட்டுகிற கையை நிறுத்தினான்.

"நாம செத்த பெறவு இவள யாரு இடுப்புல தூக்குவாங்க? யாரு குண்டி கழுவிவிடுவாங்க? எத்தனை வருஷத்துக்கு? சொல்லுங்க."

அவன் மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

வைகாசி நடுவில் மைமூன் அக்கா ஜாக்கெட் வாங்க வந்தாள். ஒன்பது பிள்ளை பெற்று ஒன்பதையும் பிழைக்கவைத்தவள், கடைசிப் பையனும் இந்தத் தாள் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டதால் சட்டைக்கு வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனவள், வாய் கொஞ்சம் நீளம். ஜாக்கெட் இன்னும் வெட்டவே இல்லை என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா துணி கெடக்கு. கை நடுங்குதுன்னு சொல்லுதா. ஏன் நடுங்காது? பிறந்த பச்சப்புள்ளைக்குத் தச்ச துணிய மாட்டுனீகளே, ஒருத்திக்காவது புத்தி இருந்துச்சா?"

"அக்கா, நான் ஏற்கெனவே வெந்துபோய்க் கெடக்கேன்."

"வேகு. எங்க வீட்ல நாப்பது நாள், உங்க வீட்ல பதினாறு நாள், பிள்ளைக்குப் பழந்துணிதானே சுத்துவோம்? பல பேரு உடுத்துக் கிழிஞ்சு நைஞ்சுபோன துணி. ஊசி ஏறாத துணி. அதுல கெடந்து ஒரு சளி ஒரு காச்சல்னு பட்டு, அதுக்கப்புறந்தான் சட்டை. உங்க பிள்ளைக அந்தப் பதினாறு நாளத் தாண்டவே இல்லையே! நேரா அளவுக்குள்ள எறங்கிட்டுதுக."

கோபத்தில் சொன்னதுதான், யோசனை சொல்ல வரவில்லை அவள். ஜாக்கெட் துணியைப் பிடுங்கிக்கொண்டு வேறு தையல்காரியைத் தேடிக் கிளம்பியேவிட்டாள். பிரம்மசக்தி அவள் பின்னாலேயே தெருவில் ஓடினாள்.

"அக்கா, உங்க வீட்ல பழைய கைலி இருக்கா?"

மைமூன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் வடிந்து அந்த இடத்தில் பயம் வந்தது.

"ஏளா, நான் வாய்க்கு வந்தத உளறுனேன். பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையக் கொல்லாத."

"கைலி குடுங்க."

ஆனி பிறக்கப் பதினேழு நாள் இருந்தது. மைமூன் வீட்டில் அப்பனும் ஐந்து பையன்களும் மாற்றி மாற்றி உடுத்து, கட்டமெல்லாம் வெளுத்து, கையில் எடுத்தால் கனமே தெரியாத மூன்று கைலிகள் கிடைத்தன. பிரம்மசக்தி அவற்றின் மூட்டுத் தையலைப் பிரித்துவிட்டு வெந்நீரில் அலசிக் காயவைத்தாள். மறுநாள் காலை பொன்செல்வியின் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிள்ளையைக் கைலியில் சுற்றிப் படுக்கவைத்து, வாசல் கதவைச் சாத்தினாள். வெளியில் ஊரும் உள்ளே நடுக்கமுமாகப் பதினாறு நாள் போயிற்று.

முதல் நாளே அனல் கிளம்பியது. இரண்டாம் நாள் ஈரத்துணி போட்டால் நெற்றியில் ஆவி வந்தது. ரெஜினா டீச்சர் மாத்திரையும் சிரப்பும் கொண்டுவந்து கொடுத்தாள், சுரம் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. நயினார் டவுன் டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் பார்த்துவிட்டு, சாதாரணக் காய்ச்சல்தான், இந்த வயசுக்குள் பத்துத் தடவை வந்திருக்க வேண்டுமே என்றார். ஆமாம், பத்தும் சேர்ந்துதான் வருகிறது என்று பிரம்மசக்தி நினைத்தாள். ஊரும் வராமல் இருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் ஜன்னல் வழியாகவே ஏசினார்கள். "பெத்த பிள்ளைய வேகவச்சுக் கொல்லுதா பாவி" என்று தெரு நடுவில் நின்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் பயம் அவர்களுக்கு. இவள் பிள்ளை செத்தால் தங்கள் பிள்ளைகள் இப்படியே இருப்பதுதான் நியாயம் என்றாகிவிடும்; பிழைத்தால் அவர்களும் அல்லவா கழற்ற வேண்டும்!

ஒன்பதாம் நாள் பிற்பகலில் பொன்செல்விக்குக் கை கால் வெட்டி இழுத்தது. கறுப்பு விழி மேலே போய்விட்டது. நயினார் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினான், அதுவரை அவன் அழுது பிரம்மசக்தி பார்த்ததில்லை.

"போட்டுரு பிள்ள. கும்பிடுதேன். நின்னா நிக்கட்டும். எனக்கு இருந்தாப் போதும்."

அவள் வாங்கினாள். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி கல்லாக இருப்பாள், அவளும் பெற்றவள்தானே. பிள்ளையை மடியில் கிடத்தி, வலது கையை எடுத்து, சட்டையின் கைக்குள் நுழைத்தாள். நுழைத்த கணமே அந்தக் கை குளிர்ந்தது. விரலிலிருந்து தோள்வரைக்கும் கிணற்றுத் தண்ணீர்போல் குளிர்ந்து, வெட்டு நின்று, குட்டி விரல்கள் மடங்கி அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன. மீதி உடம்பு அனலாகக் கொதித்தது. இன்னொரு கையையும் நுழைத்து நாடாவைக் கட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். குளிர்ந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் இருந்தாளோ, அவளுக்கே தெரியாது. அந்தக் கை இனி எந்நாளும் இதே அளவில் தன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருக்கும், தன் கட்டைவிரல் கிழண்டு சுருங்கி மண்ணுக்குள் போனபிறகு பிடிக்க எதுவும் இல்லாமல் காற்றில் துழாவும் என்று நினைத்தபோது அவள் சட்டையை உருவினாள். குளிர்ந்த கை அவள் கண் முன்னாலேயே திரும்பச் சிவந்து சூடேறியது, பிள்ளை அவளைப் பார்த்து ஏன் என்று கேட்கிற மாதிரி முனகியது. அந்த முனகலைத் தான் சாகிறவரைக்கும் மறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

நயினார் வெளியே போய் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டான். மற்ற ஏழு நாளும் அவன் சாப்பாட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் இழுப்பு இல்லை. பதினொன்றாம் நாள் மூக்கு ஒழுகியது. பதின்மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வேர்க்குரு போலப் பொரிந்தது. பதினைந்தாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை, மூக்கடியில் கையை வைத்து வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் பிரம்மசக்தி. பதினாறு போதுமா, மைமூன் வீட்டுக் கைலியாயிற்றே, ஒருவேளை நாற்பது நாள் கேட்குமோ என்று அந்தச் சமயத்திலும் ஒரு பயம் புதிதாக முளைத்தது.

பதினாறாம் நாள் காலையில் நெற்றி சாதாரணமாக இருந்தது. பிள்ளை கிடந்த கிடையைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளையோ என்றிருந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கைலியெல்லாம் வேர்வை. தாளின் மூலையில் சிரித்த குழந்தையின் சாயல் அதில் ஒரு பொட்டுகூட இல்லை. பொன்செல்வி கண்ணைத் திறந்தாள். முகத்தைச் சுளித்தாள். இதுவரைக்கும் அவள் வாயில் வராத ஒரு சொல், வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு எங்கோ உள்ளே கிடந்திருக்க வேண்டிய சொல், மெதுவாக வந்தது.

"ம்மா... காலு வலிக்கு."

"என்ன கண்ணு?"

"வலிக்கு. காலு. வலிக்கு." பிள்ளை அழுதது. உதட்டைப் பிதுக்கி, மூக்கொழுக, எல்லாப் பிள்ளையும் அழுகிற மாதிரி அழுதது.

பிரம்மசக்தி கைலியை விலக்கி இரண்டு கால்களையும் மடியில் எடுத்துப் பிடித்துவிட ஆரம்பித்தாள். எங்கே வலிக்கிறது, எதனால் வலிக்கிறது, நின்றுவிடுமா, கூடிவிடுமா, அவளுக்கு ஒன்றும் தெரியாது. இனி எதற்கும் ஒரு தாள் கிடையாது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது பயம்தான், முன்பிருந்ததைவிடப் பெரிய பயம், ஆனாலும் அந்தப் பயத்தை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. சந்தனமாரி நின்றாள், இடுப்பில் ராசு. ஒரு வருஷமாகப் பேசாதவள், பதினாறு நாளும் எதிர்ச் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

"என்ன சொல்லுதா?" என்றாள்.

"காலு வலிக்காம்."

சந்தனமாரி எட்டிப் பொன்செல்வியின் முகத்தைப் பார்த்தாள். ராசு சிரித்தான், நீளமான இடது கையால் அவள் காது வளையத்தை இழுத்தான்.

"மிச்சக் கைலி இருக்கா?"

பிரம்மசக்தி இருக்கிறதென்று தலையை ஆட்டினாள். சந்தனமாரி உள்ளே வந்து உட்கார்ந்து, ராசுவைக் குப்புற மடியில் போட்டு, சட்டையின் பின்பக்கத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.